புரோக்கருக்கு முழுக் கமிஷன்

இக்ராவின் அத்தாவுக்கு,

மகளைக் கூட்டிக்கொண்டு பல் டாக்டரிடம் போகிறேன். மீன் ஆணம் அடுப்பின் மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் புரோக்கர் செந்தமிழன் கமிஷனுக்கு வருவார். திருவெறும்பூர் வீட்டை விற்றுக் கொடுத்தவருக்குப் பாதி போதும் என்று ராத்திரி சொன்னீர்கள். நான் கோபத்தில் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். பின் அறைச் சுவர் மழையில் ஊறும் என்று வாங்குகிறவர்களிடம் அவர் முதலிலேயே சொல்லிவிட்டார், அதுதானே உங்கள் வருத்தம்? நேற்று ரிஜிஸ்டர் ஆபீஸில் வீட்டை வாங்கிய அம்மா என்னிடம் சொன்னதைக் கேளுங்கள்: "குறையை மறைக்காம சொன்னாருங்க. அதனாலதான் மத்ததையும் நம்பி, கேட்ட விலைக்கே வாங்குனோம்."

பேசியபடி முழுசாகக் கொடுங்கள். அந்த வீட்டின் இன்னொரு சாவி டிவி பக்கத்தில் இருக்கிறது, அதையும் கொடுத்துவிடுங்கள். டீ போட்டுக் கொடுங்கள்.

ஷரபுன்னிசா

மனசு வரவில்லை என்றால், நான் வரும்வரை அவரை உட்காரவையுங்கள்.

இன்னொன்று: செருப்பை மாட்டும்போது உங்கள் மெசேஜ் வந்தது. "முழுசாவே குடுத்துடலாம். நீ சாப்டியா?" சாப்பிட்டேன். இவ்வளவு எழுதியாகிவிட்டது, கிழிக்க மனசில்லை. ஒரு தடவை படித்துவிடுங்கள்.