சிவப்புத் தண்ணீரும் வேங்கைக் குவளையும்

ஆசை மதினிக்கு,

நீ போனபிறகு வந்த முதல் சாரல் இது. குற்றாலத்தில் கூட்டம் நெரிகிறது. அருவிக்கரையில் உன் புருஷனும் கடை போட்டிருக்கிறான். அவனை அண்ணன் என்று சொல்லவே நாக்கு கூசுகிறது.

விற்பது வேங்கை மரக் குவளையாம். உன் நீரிழிவுக்கென்று செங்கோட்டை ஆசாரி கடைந்து தந்தாரே, அதே மாதிரி. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைப்பாய். காலையில் அதில் லேசாக நீலம் ஓடும், வெறும் வயிற்றில் குடிப்பாய். ஊசியும் விடாமல் போட்டுக்கொண்டாய். வேங்கைப் பாலைப் புண்ணுக்குத் தடவுவோம், காய்ச்சிப் பிள்ளைகளுக்குப் பொட்டு வைப்போம். அதற்குமேல் அந்த மரத்திடம் நாம் என்ன கேட்டோம்?

இவன் விற்பது சாயம் ஏற்றிய மாங்கட்டை. வேங்கையை வெட்டினால் ரத்தமாக வடியும் என்று கேள்விப்பட்டு வருகிறவர்களுக்குத் தண்ணீர் சிவந்தால்தான் நம்பிக்கை. முதலில் அவன் வைத்திருந்த நிஜக் குவளையில் நீலத்தைக் கண்ட ஒருவர், "மை கலந்திருக்கு" என்று கீழே வைத்துவிட்டாராம். அன்றோடு எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிட்டான்.

முந்தாநாள் சோறு கொண்டுபோனேன். உனக்குக் கொள்ளி வைத்த கையால் உன் குவளையைத் தட்டிக்காட்டி, மதுரைக்கார அம்மா ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "எம் பொண்டாட்டி இதுலதாம்மா குடிக்கா. குத்துக்கல்லு மாதிரி இருக்கா."

"அப்ப எங்க வீட்டுக்காரருக்கு ஊசிய நிறுத்திரலாமா?"

"தாராளமா. அந்தா வாரா பாருங்க, அவதான்."

என்னைத்தான் காட்டினான், மதினி. கூடப்பிறந்தவளை. அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துத் தலையாட்டினாள்.

"இது எங்க மதினி குவளை. அவ செத்துப்போயிட்டா. நான் இவனுக்குத் தங்கச்சி. ஊசிய நிறுத்தாதீங்கம்மா" என்றேன். அவள் கையிலிருந்த சிவப்புக் குவளையை வைத்துவிட்டு, விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டே போய்விட்டாள்.

"இனி கடைப்பக்கம் வந்தே, வீட்டுல உனக்கு இடம் கிடையாது, பாத்துக்கோ" என்றான். தாலியறுத்து அவன் வீட்டில் ஒண்டியிருப்பவள் நான். எங்கே போவேன்?

உன் குவளையை எடுத்துவந்துவிட்டேன். இன்று காலையில் நீலம் ஓடியது. உனக்கு அது கைகொடுத்ததா என்று எனக்கு இன்னமும் தெரியாது. ஆனால் சாரல் முடிகிறவரை தினமும் அந்தக் கடை முன்னால் நிற்பேன். வருகிறவர்களிடமெல்லாம் நீ செத்துப்போனதைச் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் புருஷனுக்குத் தங்கச்சி மட்டுமேயான
உன் நாத்தனார் கோமு