பார்க்காத முப்பத்தொரு கிதாபுகள்

ஜனவரி 10, திங்கள்

விடியலிலிருந்து மழை. நான் நூலகராக இருக்கும் வாசிகசாலைக்கு நான்கு பேர். அதில் மூவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். பத்திரிகைகள் எல்லாம் ஈரம்.

இந்தியாவிலிருந்து பேராசிரியரின் கடிதம். எட்டு வாரம் காத்திருந்ததற்கு அரைப் பக்கம். அறபுத்தமிழ் நூல்களை எந்த மொழியின் கீழ் வகைப்படுத்தப் போகிறேன், அறபா தமிழா, இன்னும் முடிவு செய்யவில்லையா என்று கேட்கிறார். எத்தனை தரம் எழுதிவிட்டேன்! எழுத்து அறபு, மொழி தமிழ். அறபு அலுமாரியில் வைத்தால் அறபு படித்தவனுக்கு விளங்காது. தமிழ் அலுமாரியில் வைத்தால் தமிழ் படித்தவனால் ஓர் எழுத்தும் வாசிக்க முடியாது. தனி அலுமாரி வேண்டும் என்பதுதானே ஐயா என் ஆய்வே.

கடிதத்தின் கடைசிப் பந்தியை மூன்று தரம் வாசித்தேன். பட்டியலில் நூறு நூல்களாவது வேண்டும். ஒவ்வொன்றும் நேரில் பார்த்துச் சரிபார்த்ததாக இருக்க வேண்டும். மார்ச் முதல் வாரத்துக்குள் கிடைக்காவிட்டால் என் ஆய்வுப் பதிவு இரத்தாகும்.

கையில் இருப்பது அறுபத்தொன்று. மூன்று வருட உழைப்பு.

மாலையில் மீன் வியாபாரி ஒருவர் வந்து மேசைமேல் காலைத் தூக்கிக் காட்டினார். "மாஸ்டர், நீங்க டாக்டருக்குப் படிக்கிறீங்களாமே. இந்தப் புண்ணக் கொஞ்சம் பாருங்க."

நான் நூலகத் துறையில் டாக்டருக்குப் படிப்பதாக விளக்கினேன்.

"புத்தகத்துக்கு என்ன வருத்தம், காய்ச்சலா?"

ஜனவரி 14, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து மருதமுனை. நெசவுகாரி சுபைதா ராத்தாவிடம் ஒரு பெட்டி நிறைய அறபுத்தமிழ்க் கிதாபு உண்டென்று என் மனைவி ஹாஜறா சொல்லியிருந்தாள். (ஹாஜறாவுக்கு ஊரில் எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியும். எனக்குத் தெரிவதில்லை. நான் அவளிடம் கேட்கவும் இல்லை, மூன்று வருடமாக.)

ராத்தாவின் தம்பி வளவு வாசலிலேயே மறித்தார். "அது பொம்புளைகள்ர பெட்டி. ஆம்புளைகள் பார்க்க ஏலா."

உள்ளே தறிச் சத்தம் நின்றது. கதவுக்குப் பின்னால் இருந்து ராத்தாவின் குரல். நாற்பது வயதுக் குரல், அவசரமில்லாதது. "தம்பி, பார்த்து என்ன செய்யப் போறீங்க?"

"பட்டியல் எழுதப் போறன்."

"எனக்குப் பட்டியல் தேவல்லியே."

தறி மறுபடி ஓடத் தொடங்கியது. சைக்கிளில் காற்று இல்லை. கல்முனை வரை உருட்டி வந்தேன்.

ஜனவரி 16, ஞாயிறு

ஹாஜறாவை அனுப்புவதென்று முடிவு. அவளுக்குத் தமிழ் எழுத்து தடுமாற்றம். அறபுத்தமிழ் என்றால் தண்ணீர் போல வாசிப்பாள். எனக்கு எழுத்துக்கூட்ட வேண்டும். ஆய்வு செய்பவன் நான்!

அட்டை எழுதப் பழக்கினேன். நூற்பெயர். ஆசிரியர். அச்சிட்ட இடம். ஆண்டு. பக்கம். முதல் வரி. அறபெழுத்தில் எழுதட்டும், நான் பெயர்த்துக்கொள்வேன்.

"இதுல வாசிக்கிற ஆளுக்கு இடமில்லியே மச்சான்?"

"அது தேவையில்ல."

கேட்டுக்கொண்டே பருப்புப் புடைத்தாள். முகம் சரியில்லை. கட்டிலின் கீழ் என் அட்டைப் பெட்டிகள் வந்த நாள் முதல் அந்த முகம் சரியில்லை.

ஜனவரி 23, ஞாயிறு

ஹாஜறா காலையிலேயே மருதமுனைக்குப் போனாள். சின்னவள் என்னோடு. கஞ்சி தீய்ந்தது. சின்னவள் மைப்புட்டியைக் கவிழ்த்தாள்.

அஸர் தொழுகைக்குப் பின் வந்தாள். நாற்பத்துமூன்று அட்டைகள்! அறுபத்தொன்றும் நாற்பத்துமூன்றும் நூற்றுநாலு. அல்ஹம்துலில்லாஹ் என்று உரக்கச் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 24, திங்கள்

எல்லாம் போயிற்று.

அட்டைகளின் பின்பக்கத்தில் ஆட்களின் பெயர். "நிந்தவூர், கடை வீட்டு மருமகள்." நாலு அட்டைகளில் "சாய்ந்தமருது, நாலு வீட்டில் மாறி மாறி." "இறக்காமம், பிள்ளைப்பேற்றுக்குப் போனது." என்னவென்று ஹாஜறாவைக் கேட்டேன். பெட்டிக்குள் இருந்தவை பன்னிரண்டுதானாம். மிச்சம் முப்பத்தொன்றும் இரவல் போயிருக்கின்றன.

"பார்க்காத கிதாபுக்கு எப்படி அட்டை எழுதின?"

"ராத்தா சொல்லச் சொல்ல எழுதின. அவவுக்கு எல்லாம் மனப்பாடம். எந்தப் பக்கம் கிழிஞ்சதெண்டும் தெரியும்."

"மனப்பாடத்த வெச்சிப் பட்டம் தர மாட்டான்! ஒரு வேல சொன்னா ஒழுங்காச் செய்யத் தெரியாதா?"

மாமிக்கு, அவள் உம்மாவுக்கு, கேட்டிருக்கும். ஹாஜறா சோற்றை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள். தின்றேன். வெட்கம்தான். என்றாலும் அறுபத்தொன்றும் பன்னிரண்டும் எழுபத்துமூன்றுதான்.

பிப்ரவரி 6, ஞாயிறு

இறக்காமம். அட்டையில் இருந்த ஒரு கிதாபையாவது கண்ணால் பார்த்துவிடும் எண்ணம். பஸ், பிறகு மாட்டுவண்டி. வயல்கள் கதிர் முற்றி நின்றன. குளக்கட்டில் யானை என்று வண்டிக்காரர் ஒன்றரை மணி நேரம் மரத்தடியில் நிறுத்திவிட்டார். கொசு.

வீட்டுக்காரர் நல்ல மனிதர், இளநீர் வெட்டித் தந்தார். அவருடைய மகள் பிள்ளை பெற்று பன்னிரண்டு நாள். கிதாபு காவலுக்கு அவள் தலைமாட்டில்.

"நாற்பது நாள் முடியட்டும் மாஸ்டர். அதுக்கு முந்தி எடுக்கிறதில்ல."

"அஞ்சு நிமிசம்."

"ஏலாது மாஸ்டர், கோவிக்காதீங்க."

அப்போது உள்ளே யாரோ ஒரு பெண் வாசிக்கத் தொடங்கினாள். ராகமாக, முதல் வரியிலிருந்து. பையிலிருந்து ஹாஜறாவின் அட்டையை எடுத்தேன். ஒரு சொல் பிசகவில்லை. நாலாவது பக்கம் கிழிந்தது என்று அட்டையில் இருக்கிறது. அந்த இடம் வந்ததும் வாசிக்கிறவள் நிறுத்தினாள், ஒரு கிழவியின் குரல் விட்டுப்போனதைச் சொன்னது, வாசிப்பு தொடர்ந்தது.

சுபைதா ராத்தா இரவல் கொடுக்கிறாள், யாரிடம் இருக்கிறதென்று கணக்கு வைத்திருக்கிறாள், எது கிழிந்ததென்று தெரிகிறது. நான் சம்பளம் வாங்கிச் செய்யும் வேலை. என்னைவிட நன்றாக.

இதை எந்த அத்தியாயத்தில் எழுதுவது?

பிப்ரவரி 19, சனி

இன்று ஒரு கேவலமான காரியம். முப்பத்தொரு அட்டைகளையும் எடுத்து "நேரில் பார்த்தது" என்று எழுதத் தொடங்கினேன். பேரா. இறக்காமத்துக்கு வந்து பார்க்கவா போகிறார்? ஒன்பதாவது அட்டையில் ஹாஜறா வந்து நின்றாள். அவளுக்குத் தமிழ் தடுமாற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாசித்துவிட்டாள்.

"பார்த்தீங்களா மச்சான்?"

"இல்ல."

"அப்ப?"

அவ்வளவுதான் கேட்டாள். ஒன்பது அட்டைகளையும் கிழித்தேன். அவளே திரும்ப எழுதித் தந்தாள். ஜனவரிக்குப் பிறகு இன்றுதான் கொஞ்சம் கதைத்தோம். அன்று கத்தியது பிழை என்றேன். "ஓம், பிழைதான்" என்றாள்.

பிப்ரவரி 21, திங்கள்

தபாலில் போட்டாயிற்று. நேரில் பார்த்தவை எழுபத்துமூன்று. தனித் தலைப்பில் "வாசகர் கையில் உள்ளவை" முப்பத்தொன்று. ராத்தாவின் பெட்டி ஒரு நூலகம், அதை நடத்துபவர் நூலகர் என்று ஆறு பக்கம். என் கையால் எழுதியதில் இதுதான் உருப்படி. பேராவுக்குப் பிடிக்காது என்று தெரிந்தே எழுதினேன்.

மார்ச் 3, வியாழன்

கடிதம் இல்லை. வாசிகசாலைக் கூரையில் ஓட்டை. தலைவர் கேட்கிறார்: "டாக்டர் பட்டம் கிடைச்சா இஞ்ச இருப்பீங்களா, கொழும்புக்குப் போயிருவீங்களா?" முதலில் கிடைக்கட்டும்.

மார்ச் 12, சனி

இல்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே தலையாட்டிவிட்டுப் போகிறார்.

மார்ச் 19, சனி

வந்தது. வெயில், புழுக்கம். வாசிகசாலை வாசலில் நின்றே பிரித்தேன். நாலு வரி. நூறு நூல் இல்லை. கேள்விப்பட்ட நூல்களுக்கு நூலகவியலில் இடமில்லை. ஆறு பக்கங்களும் சுவையானவை, ஆனால் ஆய்வுக்கு வெளியே. பதிவு இம்மாதத்தோடு இரத்து.

சுவையானவை! பலகாரமா?

மத்தியானம் வீட்டுக்கு வரவில்லை. கடற்கரையில் இருந்தேன். அட்டைப் பெட்டிகளைக் கட்டிலின் கீழிருந்து இழுத்து எரித்துவிடலாம் என்ற கோபம். அஸருக்கு எழுந்து வீட்டுக்கு நடந்தேன்.

ஹாஜறா இல்லை. சாய்ந்தமருதுக்குப் போனதாக மாமி சொன்னார். அந்தியில், மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தி வந்தாள், முகமெல்லாம் வியர்வை, சீலைத் தலைப்பில் முடிந்த அட்டைகள்.

"நாலு வீடும் போன மச்சான். நாலு கிதாபும் என்ட கண்ணால பார்த்த. ஒண்டுல ராத்தா சொன்ன ஆண்டு பிழை, திருத்திட்டன். இதுகள பார்த்ததுகள்ர பெட்டிக்கு மாத்தலாம்தானே?"

விளக்கைக் கொளுத்தி மேசையில் வைத்தாள். பேனாவைத் தேடி என் கையில் தந்தாள். கடிதம் சட்டைப் பையில்.

"இது எத்தினையாவது?"

"எழுபத்துநாலு" என்றேன்.