ஊறவிடும் நேரம்

அச்சுவேலி தெற்கு
12 மே 2025

அன்புள்ள வினோ,

இங்கு நலம். நீயும் பிள்ளையும் நலமாயிருக்க வேண்டும். போனில் கதைக்கத் தொடங்கினால் இருவரும் கத்தித்தான் முடிக்கிறோம். அதனால் எழுதுகிறேன். முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபி.

உன் சோலார் பம்பை நிறுத்து. மாரி தொடங்கும் வரையாவது நிறுத்து.

எங்கள் பங்குக் கிணற்றில் உன் வீட்டுக்கு ஒரு முறை, எங்கள் வீட்டுக்கு ஒரு முறை, தம்பிஐயா மாமாவுக்கு ஒரு முறை. ஒருவர் இறைத்து முடித்தால் அடுத்தவர் உடனே தொடுவதில்லை. இடையில் கிணற்றை ஊறவிட வேண்டும். இது உனக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கூடம் விட்டு வந்து உன் அப்பாவுக்குப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறியவள் நீ. இப்போது ஒஸ்லோவில் இருந்துகொண்டு, ஊறவிடும் நேரத்திலும் பம்பு ஓடும்படி போனில் அமைத்து வைத்திருக்கிறாய்.

உன் காணியைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் றஜிந்தனிடம் கேட்டேன். "வெயில் சும்மாதானே எறிக்குது அக்கா, ஓடட்டும். நிப்பாட்டவும் எனக்கு வழியில்லை, பூட்டு வெளிநாட்டிலை" என்று சிரிக்கிறான். அவனுடைய வாழைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகுகிறது.

மண்ணெண்ணெயில் இறைத்த காலத்தில் மனிதன் யோசித்து இறைத்தான். எண்ணெய் முடிந்தால் நிறுத்தினான். வெயிலுக்கு அந்தக் கவலையே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்ணீர் இறங்கி இறங்கி, அடிப்பாறையில் ஒரு பொந்து வெளியே தெரிகிறது. இதுவரை எவரும் அதைக் கண்டதில்லை. அதற்குள்ளிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. காலையில் எட்டிப் பார்த்தால் முகத்தில் படுகிறது. பின்னேரம் போய் ஓலைத்துண்டை நூலில் கட்டி இறக்கினேன். அப்போது அதே காற்று உள்ளே திரும்பி அதை இழுத்தது. சிரிக்காதே.

பதில் போடு.

உன்
கலா

•

ஒஸ்லோ
16 மே 2025

என் அன்புக் கலா,

சிரித்துவிட்டேன். கிணறு மூச்சு விடுகிறதாம்! அம்மா இருந்திருந்தால், "உவளுக்குக் கெதியா ஒரு கலியாணத்தைக் கட்டி வையுங்கோ" என்றிருப்பா.

நான் என்ன களவா எடுத்தேன்? உன் முறையிலும் மாமாவின் முறையிலும் நான் கை வைக்கவேயில்லை. யாருடைய முறையும் இல்லாத நேரம்தானே, சும்மா கிடந்து வீணாகிறதே என்று அதை எடுத்தேன். புகையில்லை, சத்தமில்லை, எவருக்கும் தொந்தரவில்லை. உலகமே இப்படித்தான் மாற வேண்டும் என்கிறார்கள். நீ மட்டும் கிணற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேயைத் தேடுகிறாய்.

உண்மையைச் சொல்கிறேன், பகிடி பண்ணாதே. வேலைக்குப் போகும் பஸ்ஸில் போனைத் திறந்தால் பச்சை வெளிச்சம் தெரியும். எங்கள் கிணறு ஓடுகிறது என்று அர்த்தம். இந்த ஊரில் என்னை எவருக்கும் தெரியாது. பம்பு ஓடும்போது நான் அங்கே நிற்கிறேன், கலா. அதை நிறுத்தச் சொல்கிறாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாமாவைக் கேட்டதாகச் சொல்லு.

மாறாத அன்புடன்
வினோஜா

•

அச்சுவேலி தெற்கு
30 யூன் 2025

வினோ,

நீ போனில் நிற்கிறாய். நாங்கள் உப்பில் நிற்கிறோம்.

வெங்காயத் தாள் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வருகிறது. சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோனேன். வியாபாரி ஒன்றை நசித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உதைக் கொண்டு போய்க் கருவாட்டோடை போட்டு வில்" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

உன்னை மட்டும் சொல்லவில்லை. இந்த ஒழுங்கையில் பூட்டிக் கிடக்கும் மாடி வீடுகளின் புல்லுக்குக்கூடத் தண்ணீர் தானாகத் தெளிக்கிறது. ஆளில்லாத வீடுகள் குடிக்கின்றன. ஆளிருக்கும் வீடுகள் வாளியோடு தண்ணீர் பவுசரைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. வாசலில் மட்டும் 'பசுமை இல்லம்' என்று பலகை.

சனிக்கிழமை வாளியில் சாதாளை வந்தது. கடலில் மிதக்குமே, அதே சாதாளை. காய்ந்து கறுத்ததல்ல. பச்சையாக, வழுவழுவென்று, அப்போதுதான் அறுத்ததுபோல் இருந்தது. தொண்டைமானாற்றுக் கடற்கரை இங்கிருந்து மூன்று மைல் கட்டைக்கு அப்பால். தம்பிஐயா மாமா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"பிள்ளை, இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. காணி விலைப்படாது."

பிறகு தன்னுடைய பசுவை அவிழ்த்துத் தொட்டியடிக்குக் கொண்டுவந்தார். அது தண்ணீரில் மூக்கை வைத்தது, எடுத்தது, எங்களைப் பார்த்தது. குடிக்கவில்லை.

இன்று காலை உன் சோலார் பலகைகளின் மேல் தார்ப்பாய்ப் படங்கை விரித்து, சோளகக் காற்று தூக்காமல் மூலைகளில் கல் வைத்துவிட்டேன். பம்பு நின்றுவிட்டது. பொலிசுக்குப் போவதென்றால் என்னுடைய பெயரைக் கொடு.

கிணற்றுக்குள் ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. அது உன் பம்பின் சத்தம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தோம். பம்பு நின்ற பிறகும் கேட்கிறது.

கலா

•

ஒஸ்லோ
11 ஓகஸ்ட் 2025

கலா,

இனி உன்னோடு கதைப்பதில்லை என்றுதான் இருந்தேன். படங்கை எடுக்கச் சொல்லி றஜிந்தனுக்குப் போன் எடுத்தேன். "ஐயோ அக்கா, கலாக்கா மண்வெட்டியோடை நிக்கிறா. நீங்கள் பிளேன் ஏறி வந்து எடுங்கோ" என்று வைத்துவிட்டான். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

இன்று எழுதுவதற்குக் காரணம் சந்தோசம். கிணறு நிறைகிறது! கிணற்றுக் கருவி பற்றரியில் ஓடுவதால், தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கோடு என் போனில் தெரியும். பம்பு ஓடாமலே அது ஏறுகிறது, இறங்குகிறது, திரும்ப ஏறுகிறது. முந்தியதைவிடக் கொஞ்சம் மேலே வந்து நிற்கிறது. ஒரு கிழமையைச் சுருக்கிப் பார்த்தால், நித்திரை கொள்ளும் மனிதரின் நெஞ்சைப் போல இருக்கிறது. வேலையில் சாப்பாட்டு நேரத்தில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் இருப்பவள் யாருடைய படம் என்று கேட்டாள்.

மழையில்லாமலே நிறைகிறதென்றால், ஊற்று உயிரோடு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நீ சொன்னது சரி. ஊறவிட்டாய், ஊறிவிட்டது. நான்தான் பிழை. இனி எங்கள் முறையில் மட்டும் ஓடவிடுவேன். ஊறவிடும் நேரத்தில் தொட மாட்டேன். பிள்ளையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன்.

படங்கை எடுத்துவிடு. கோபத்தையும்.

உன்
வினோ

•

அச்சுவேலி தெற்கு
20 ஓகஸ்ட் 2025

வினோஜா,

படங்கை எடுத்துவிட்டேன்.

கிணறு நிறைந்திருப்பது உண்மை. அடிப்பாறைப் பொந்து மறைந்துவிட்டது. நாங்கள் எவரும் ஒரு வாளிகூட அள்ளவில்லை. ஆனாலும் ஏறி இறங்குகிறது. கிணற்றின் உட்சுவரில் கரியால் கோடு போட்டுப் பார்த்தேன். பிறகு தொண்டைமானாற்றுக்குப் போய், கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று கடற்றொழிலுக்குப் போகிறவர்களிடம் கேட்டேன். அதே ஏற்றம், அதே வற்று. எங்கள் கிணறு கொஞ்சம் பிந்துகிறது, அவ்வளவுதான்.

சட்டியில் காய்ச்சிப் பார்த்தேன். அடியில் வெள்ளையாக உப்புப் படிந்தது.

தம்பிஐயா மாமா மகளிடம் வவுனியாவுக்குப் போய்விட்டார். போகும்போது கிணற்றுக்கட்டில் கையை வைத்தவர், சுட்டதுபோல் எடுத்தார். "கிணத்துக்குள்ளை துடிக்குது பிள்ளை" என்றார். நானும் தொட்டுப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை. நாளைக்கு நானும் உடுவிலுக்குச் சித்தி வீட்டுக்குப் போகிறேன்.

பிள்ளையின் தலையில் சத்தியம் செய்யாதே. தேவையில்லை. உன் முறையிலும் ஓடவிடு, எங்கள் முறைகளிலும் ஓடவிடு, வெயில் உள்ள நேரமெல்லாம் ஓடவிடு. இனி நீ எவ்வளவு இறைத்தாலும் அந்தக் கிணறு வற்றாது.

உதயகலா