அச்சு இயந்திரத்தோடு என்னையும் வைத்துப் பூட்டியிருப்பது குறித்து

அனுப்புநர்
இளநிலை உதவியாளர்,
தபால் பிரிவு (அச்சு அறை, கீழ்த்தளம்),
குடிநீர் வழங்கல் கிளை அலுவலகம்.

பெறுநர்
உயர்திரு தலைமை நிர்வாக அலுவலர் அவர்கள்,
குடிநீர் வழங்கல் தலைமை அலுவலகம்.

பொருள்: அஞ்சலட்டை மற்றும் உறைகள் அச்சிடும் இயந்திரம் – தேர்வில் நேர்ந்த தவறு – அதைக் காரணம் காட்டி, மாறுதல் ஆணை வந்த பின்னும் என்னை விடுவிக்க மறுப்பது – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் மாறுதல் ஆணை, இம்மாதம் 3ஆம் தேதி.
2. இது குறித்து நான் அனுப்பிய முந்தைய மனுக்கள் மூன்று.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் அலுவலகத்திலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய இரண்டாயிரம் அஞ்சலட்டைகளும் எண்ணூறு உறைகளும் வெளியே போகின்றன. எந்தத் தெருவில் என்றைக்குத் தண்ணீர் வராது, எந்த வீட்டுக்குக் குழாய் பார்க்க ஆள் வருவார் என்பதெல்லாம் இந்த அட்டைகளைப் பார்த்துத்தான் மக்களுக்குத் தெரியும். முகவரிச் சீட்டுகளைக் கையால் ஒட்டி மாளவில்லை என்பதால், நேரடியாக அச்சிடும் இயந்திரம் ஒன்று வாங்க முடிவானது. தேர்வுக் குழுவில் மூவர்: அப்போதைய கண்காணிப்பாளர், பண்டகக் காப்பாளர், நான்.

2. இரண்டு இயந்திரங்கள் பார்வைக்கு வந்தன. ஒன்று பெரியது, வேகமானது. மற்றொன்று மெதுவானது; ஆனால் அதில் அட்டை பின்னால் நுழைந்து, எங்கும் வளையாமல் நேராக முன்னால் வந்து விழும். அதைக் கொண்டுவந்த விற்பனையாளர், "பேப்பர்ல எல்லா மெஷினும் ஓடும் மேடம். உங்க கவரைக் குடுத்து ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க" என்று சொல்லத்தான் சொன்னார். பண்டகக் காப்பாளர் உறை தர மறுத்துவிட்டார். எங்கள் பண்டகத்தில் அனுப்புகை எண் இல்லாமல் ஓர் உறைகூட வெளியே வராது. "அனுப்பாத கவருக்கு நான் எந்த நம்பரைப் போடறது? ஆடிட் வந்தா என் தலைதான் உருளும்" என்றார். எனவே இரண்டிலும் வெள்ளைத்தாளை ஓட்டிப் பார்த்தோம். ஒன்று நிமிடத்துக்கு அறுபது, மற்றது இருபத்திரண்டு. அறுபதைத் தேர்ந்தெடுத்தோம். உறை அச்சிடும் இயந்திரத்தை ஓர் உறைகூடப் போட்டுப் பார்க்காமல் தேர்ந்தெடுத்த பெருமை எங்கள் குழுவையே சேரும்.

3. இதில் என் பங்கை மறைக்க விரும்பவில்லை. அந்த விற்பனையாளர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே பட்டது. இருந்தும் கையொப்பமிட்டேன். வேகமான இயந்திரம் வந்தால் வேலை குறையும், வேலை குறைந்தால் ஆள் பற்றாக்குறை என்று சொல்லி என் மாறுதலைத் தடுக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். முழுக்க முழுக்கச் சுயநலம். அதற்கான தண்டனையைப் பத்தொன்பது மாதங்களாக அனுபவித்து வருகிறேன்.

4. இயந்திரம் வந்த அன்றே குட்டு வெளிப்பட்டது. மையை உருக்கி ஒட்டுவதற்கு உள்ளே சூடு ஏறுகிறது. அந்தச் சூட்டில் உறையின் பசையும் உருகி, வாய் மூடிக்கொண்டு வெளியே வருகிறது. முதல் நாள் அறுநூற்று நாற்பது உறைகள் இப்படி வந்தன. ஒட்டியிருப்பதைப் பார்த்து, கடிதம் வைத்தாகிவிட்டது என்று நினைத்த கடைநிலை ஊழியர் மொத்தத்தையும் தபாலில் சேர்த்துவிட்டார். கடிதங்கள் என் மேசையிலேயே இருந்தன. நுகர்வோர் ஒருவர் தமக்கு வந்த உறையைத் திருப்பி அனுப்பி, அதன் மேல், "உள்ளே ஒன்றும் இல்லை, வழக்கம்போல" என்று எழுதியிருந்தார். கண்காணிப்பாளர் குதித்தார். நான் சிரித்துவிட்டேன், அதற்கும் விளக்கம் கேட்டு எழுதினார்கள், கொடுத்தேன்.

5. வேறு வழியின்றி நானே சில உபாயங்களைக் கண்டுபிடித்தேன். ஒவ்வோர் உறையின் வாயையும் விரித்து, அடிப்பக்கம் முன்னால் போகுமாறு வைக்க வேண்டும். அட்டைகளை நாற்பது நாற்பதாக எடுத்து மேசை விளிம்பில் பின்பக்கமாக வளைத்துக் கொடுத்தால் சுருளாமல் வரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்க மூடியைத் திறந்து ஆறவிட வேண்டும். எப்போது ஆறியது என்பதை அதன் சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். அலுவலகத்தில் இதற்குப் "புது மாப்பிள்ளை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தொட்டதற்கெல்லாம் முறுக்கிக்கொள்ளும், நான் போய்ச் சமாதானம் செய்தால் மட்டும் இறங்கி வரும். நான் காய்ச்சலில் படுத்த இரண்டு நாளும் ஓர் அட்டைகூட வெளியே போகவில்லை.

6. இனி என் குறைக்கு வருகிறேன். இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்த குழு, அது இயங்குகிறதா இல்லையா என்று சான்று தர வேண்டும். அன்றைய கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றுவிட்டார். பண்டகக் காப்பாளர் வேறு துறைக்குப் போய்விட்டதால் அவர் கையொப்பம் செல்லாதாம். மிச்சம் நான் ஒருத்தி.

"இயங்குகிறது" என்று எழுதினால், நான் அந்த இயந்திரத்தின் பயிற்சி பெற்ற இயக்குநர் ஆகிவிடுவேன். பயிற்சி பெற்ற மாற்று ஆள் இல்லாமல் இயக்குநரை விடுவிக்க விதியில் இடமில்லை. மாற்று ஆளாக வந்த இருவரில் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. மற்றவர் விரலைச் சுட்டுக்கொண்டு மருத்துவ விடுப்பில் இருக்கிறார்.

"இயங்கவில்லை" என்று எழுதினால், தேர்வுக் குழு மீது விசாரணை. விசாரணை முடியும்வரை குழு உறுப்பினரை விடுவிக்க விதியில் இடமில்லை.

ஒன்றும் எழுதாமல் இருந்தால், சான்று நிலுவையில் இருப்பதால் விடுவிக்க விதியில் இடமில்லை.

7. இப்போதைய கண்காணிப்பாளர் கெட்டவர் அல்லர். "நீ போயிட்டா இதை யாரும்மா மேய்க்கறது? கொஞ்சம் பொறுத்துக்கோ" என்கிறார். முன்பு மூன்று முறை தங்களுக்கு மனு அனுப்பினேன். "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று மூன்று முறையும் அஞ்சலட்டை வந்தது. தலைமை அலுவலக அட்டைகளும் இங்கேதான் அச்சாகின்றன என்பதைத் தாங்கள் அறிவீர்கள். மூன்றையும் மேசை விளிம்பில் வளைத்து, என் முகவரியை அச்சிட்டு, எனக்கு அனுப்பியவள் நான்தான்.

8. அச்சு அறை முன்பு பழைய பதிவேடுகள் வைக்கும் அறையாக இருந்தது. சன்னல் கிடையாது. இயந்திரச் சூட்டில் கதவைத் திறந்து வைக்கலாம் என்றால், தூசி புகும் என்று தடை. என் கணவரும் ஆறு வயது மகளும் மாறுதல் ஆணையில் உள்ள ஊரில் இருக்கிறார்கள். குழந்தையை என் தங்கை பார்த்துக்கொள்கிறாள். போன ஞாயிறு தொலைபேசியில் பேசும்போது குழந்தை என்னிடம், "இரு சித்தி, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தங்கையிடம் கொடுத்தாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் திருத்தவும் இல்லை. அன்றிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை, ஐயா.

9. இம்மாதம் 30ஆம் தேதிக்குள் புதிய இடத்தில் சேராவிட்டால், அந்தப் பணியிடம் பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும். இன்னும் எட்டு நாள் இருக்கிறது. ஆகவே இரண்டு சான்றுகளையும் எழுதிக் கையொப்பமிட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். நான் பக்கத்தில் இருந்தால் இயங்குகிறது, இல்லாவிட்டால் இயங்கவில்லை. ஆகையால் இரண்டும் உண்மை. ஒரே நாளில் இரண்டு விதமாகச் சான்றளித்த ஊழியர் மீது என்ன நடவடிக்கை உண்டோ அதை எடுங்கள், மறுக்கமாட்டேன். அந்த நடவடிக்கையை மட்டும் என் மகள் இருக்கும் ஊருக்கு அனுப்பி வையுங்கள், அங்கே வாங்கிக்கொள்கிறேன்.

தங்கள் ஆணையை எதிர்பார்த்து,

(ஒப்பம்)
இளநிலை உதவியாளர், தபால் பிரிவு

இடம்: அச்சு அறை
நாள்: இம்மாதம் 22

இணைப்பு:
1. இயந்திரம் இயங்குகிறது என்ற சான்று – ஒன்று.
2. இயந்திரம் இயங்கவில்லை என்ற சான்று – ஒன்று.
3. அச்சு அறைச் சாவி – ஒன்று. (வேறு சாவி கிடையாது.)