நாலாவது ஆள் எடுத்த படம்

மாப்ள,

உன் கேமராவின் தோல் உறையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பூஞ்சணம், தேங்காயெண்ணெய், ஸ்டோரில் தேயிலை அரைக்கிற வேலை முடிந்து சட்டையெல்லாம் அப்பிக்கொண்டு வருவாயே அந்தத் தேயிலைத் தூள், எல்லாம் கலந்த உன் வாசம் அப்படியே இருக்கிறது. உன் மகள் வசந்தி, "மாமா, இது இனிமே ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டாள். மனசு லேசாக இருக்கிறது மாப்ள. நீ போனதிலிருந்து இவ்வளவு லேசாக இருந்ததில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

எனக்கு எழுத்து வராது என்பாய். எட்டாம் வகுப்புப் படித்தவன் எழுத்து இப்படித்தான் இருக்கும். அதிலும் எட்டாம் வகுப்பு பாதிதான். ஆனால் அந்தப் பாதிக்குள்ளேயே வாத்தியார் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவன் நான். அது பள்ளிக்கூடத்துக்கே தெரியும்.

ஹட்டனில் பிலிம் ரோலைக் கழுவி, பிரிண்ட் போட்டு நீ கொண்டுவருகிற ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துப் பார்க்கிறேன். லயத்து வீடுகளில் யாருக்கும் அன்றைக்கு வேறு வேலை ஓடாது. உன் வீட்டு வாசல் இஸ்தோப்பில், அந்தத் திண்ணையில், பாயைப் போட்டு எல்லாரும் நெருக்கிக்கொண்டு உட்காருவோம். "கைய கழுவிட்டு வாங்க, ஓரத்துல புடிங்க, மொகத்துல வெரல வைக்காதீங்க" என்று நீ கத்திக்கொண்டே இருப்பாய். ஒரு படம் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போவதற்குள் ஒரு வழக்கே நடந்து முடிந்துவிடும்.

"என்னாடி பாக்கியம், மால விழுற நேரத்துல கண்ண மூடிக்கிட்டு நிக்கிற?"

"பொட்டுனு வெளிச்சம் அடிச்சா நீ மட்டும் தொறந்துக்கிட்டு நிப்பியாக்கும்?"

"மாப்பிள்ள மொகத்தவிட பின்னால நிக்கிற ஆட்டு மொகம்ல தெளிவா இருக்கு!"

"ஆடு அசையாம நின்னுச்சுங்க. மாப்பிள்ள நின்னாரா?" இது நீ.

அந்தப் படங்களின் ஓரத்தில் எல்லாம் நான் நிற்பேன். மூன்று பேராய் நின்று படம் எடுத்தால் ஆகாது, ஒருத்தருக்கு ஏதாவது வந்துவிடும் என்று நம்ம சனம் பயந்தது. அப்பா, அம்மா, பிள்ளை என்று மூன்று பேர் நின்றால் போதும், "நாலாவதா ஒரு ஆளக் கூப்பிடுங்க" என்று சத்தம் வரும். கூப்பிடுகிற தூரத்தில்தான் நான் எப்போதும் இருப்பேன், தலையைச் சீவிக்கொண்டு. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் நான் இல்லாத ஆல்பம் ஒன்றை யாராவது காட்டட்டும், மீசையை எடுத்துவிடுகிறேன். இந்தியாவுக்குப் போன குடும்பங்களின் சுவர்களில்கூட நான் நிற்கிறேன். அங்கே பேரப்பிள்ளைகள் இவர் யாரென்று கேட்டால், தோட்டத்துப் பெரிய ஐயா என்றுதான் சொல்லிவைத்திருப்பார்கள். வேறு எப்படிச் சொல்வார்கள்?

அந்த வழக்கம்தான் உன்னைப் படத்துக்கு வெளியே நிறுத்தியது. உன் குடும்பம் சரியாக மூன்று பேர். நீ, தங்கச்சி, வசந்தி. மூன்று பேராய் நிற்க உன் பெண்சாதி உயிர் போனாலும் சம்மதிக்க மாட்டாள். நாலாவதாய் நான் வந்து நின்றால் கேமராவை யார் பிடிப்பது? என்னைத் தவிர எவர் கையிலும் நீ கொடுக்க மாட்டாய். மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கு ஐயா ஆசையாய்க் கேட்டதற்கே, "ஒங்க கைல வேர்வைங்கய்யா, பூஞ்சணம் புடிச்சிரும்" என்றவன் நீ. சரி, நான் கேமராவைப் பிடிக்கிறேன், பக்கத்து வீட்டு ஆளை நாலாவதாய் நிறுத்தலாம் என்றால், "நம்ம குடும்பப் படத்துல ஊராரு எதுக்குங்க? அண்ணன்னா சரி" என்பாள் தங்கச்சி. நீங்கள் இரண்டு பேர் மட்டும் நில்லுங்கள் என்றால், "புள்ளய ஒதுக்கி வச்சிட்டு ஜோடி போட்டு நிக்கிறதாண்ணே? வெக்கமா இல்ல?" என்பாள். "அடுத்த ரோல்ல பாப்பம்" என்பாய் நீ. எத்தனையோ அடுத்த ரோல் வந்து போயிற்று.

கல்யாணப் படமாவது உண்டா என்றால், நீங்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட ஆட்கள். வலப்பனை வரைக்கும் உங்களுக்குத் தனி லொறி பிடித்துக் கொடுத்ததே நான்தான். தங்கச்சியைக் கேட்டால் அது சாதாரண பஸ் என்பாள். பயத்தில் அவளுக்கு வண்டி சரியாகத் தெரியவில்லை.

ஆக, நீ போனபோது சுவரில் மாட்ட ஒரு படமில்லை. அடையாள அட்டையில் இருந்ததைத்தான் பெரிதாக்கி மாட்டினோம். "நேரா பாருங்க, சிரிக்காதீங்க" என்று எவனோ மிரட்டி எடுத்த படம். ஆட்டுத் திருட்டில் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினதுபோல முறைத்துக்கொண்டிருந்தாய். பத்து வருஷத்துக்கு மேல் அந்த முறைப்புக்குத்தான் தங்கச்சி பூ வைத்தாள், விளக்கு வைத்தாள்.

போன தை மாதம் பொங்கல் கொடுக்கப் போயிருந்தேன். தேத்தண்ணியை நீட்டிவிட்டு, கதவோரம் நின்றுகொண்டு சொன்னாள்:

"அண்ணே, எனக்கு ஒரு பயமா இருக்கு. கண்ண மூடுனா இப்ப அந்த அட்டையில உள்ள மொகம்தான் வருது. அவரு மொகம் வரமாட்டேங்குது."

தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன் மாப்ள. உன்னைப் புதைத்த அன்றுகூட நீ இப்படிப் போகவில்லை. அவளுக்குள் இருந்து கொஞ்சம் கொஞ்சமாய் இப்போதுதான் போய்க்கொண்டிருந்தாய்.

"ஒரு படம் இருக்கு தங்கச்சி," என்றேன். "நான்தான் புடிச்சேன். கேமராவுக்குள்ளதான் இருக்கணும்."

வசந்தி இப்போது ஹட்டனில் டீச்சர். பொய்யைக் கண்டுபிடிப்பதே அவளுக்கு உத்தியோகம். "மாமா, நீங்க சிறுத்தையக்கூட படம் புடிச்சேன்னு சொன்னீங்க," என்றாள்.

"புடிச்சேன். அது திரும்பிக்கிச்சு."

வசந்தியின் புருஷன் சிரித்தான். தங்கச்சி சிரிக்கவில்லை. "அண்ணே, எதுல வேணும்னாலும் வெளயாடுங்க. இதுல மட்டும் வேணாம்," என்றாள். அந்தக் குரல்! ஊருக்கே கதை சொல்லித் திரிகிறவன், ஒரே ஒரு நாள் உள்ளதை உள்ளபடி சொன்னேன், வீட்டில் ஒருத்தர்கூட நம்பவில்லை.

நடந்தது உனக்குத் தெரியும். கினிகத்தேனையில் ஒரு கல்யாணம். ரோல் முழுவதையும் அங்கேயே முடித்துப் பெண் வீட்டாரிடம் கொடுத்துவிட்டாய். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் நின்று புது ரோலைப் போட்டாய். முதல் படம் சாமிக்கு என்பது உன் சட்டம். சந்தியில் இருந்த பிள்ளையாரை எடுத்தாய். ஏறினோம். பாதி ஏற்றத்தில் பஸ் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கி ரோட்டோரம் நிற்க, டிரைவரும் கொண்டக்டரும் சிங்களத்தில் ஒருத்தரையொருத்தர் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது மூடுபனி விலகி ஒரு வெயில் வந்தது பாரு, அந்த மாதிரி வெயிலை நுவரெலியா மாவட்டத்திலேயே நாம் இரண்டு பேர்தான் பார்த்திருப்போம்.

"மாப்ள, தங்கச்சியும் இல்ல, புள்ளயும் இல்ல. நீ ஒத்த ஆளு. எந்தக் கணக்குலயும் வராது. அந்தக் கல்லு மேல ஏறி நில்லு," என்றேன்.

கழுத்திலிருந்து கேமரா வாரைக் கழற்ற உனக்கு மனசு வரவில்லை. கழற்றினாய். "தலைய வெட்டிப்புடாத," என்றாய். அமுக்கினேன். அவ்வளவுதான். பஸ் புறப்பட்டது.

அதற்குப் பிறகு அந்த ரோல் முடியவேயில்லை. ஆளுக்கொரு போன் வந்தது, உன்னைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள், ஹட்டனில் கழுவுகிற இடமும் மூடிவிட்டது. "ரோல் முடியட்டும், கொழும்புக்குக் குடுத்து விடுவம்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாய். நீதான் முதலில் முடிந்துபோனாய்.

பெட்டியிலிருந்து கேமராவை எடுத்தார்கள். "ரோல் இருக்கான்னு தொறந்து பாத்துட்டாப் போச்சு," என்று உன் மருமகன் பின்பக்கக் கதவில் நகத்தை வைத்தான். நல்ல பையன்தான், போன் காலத்துப் பிள்ளை, வெளிச்சம் பட்டால் எல்லாம் போய்விடும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நான் போட்ட சத்தத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் இருந்த நாய்கள் எழுந்துவிட்டன. பிடுங்கிக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். யார் கேட்டும் கொடுக்கவில்லை.

அப்புறம் வசந்திதான் வழி கண்டுபிடித்தாள். போனுக்குள் ஒரு கூட்டம் இருக்கிறதாம். ரோல் கேமரா வைத்திருக்கிறவர்கள், எடுத்த படங்களைப் போட்டு ஒருத்தருக்கொருத்தர் நல்லது கெட்டது சொல்லிக்கொள்கிறார்களாம். இந்தக் காலத்தில்! அதில் கேட்டு எழுதினாள். கொழும்பில் ஒரு அம்மணி, வீட்டிலேயே ரோல் கழுவுகிறவள், "திறக்கவே வேண்டாம், கேமராவோடு கொண்டு வாருங்கள். மலைநாட்டு ஈரம், பழைய ரோல், உறுதி மட்டும் கேட்காதீர்கள்" என்று பதில் போட்டாள். வசந்தி லீவு போட்டு ரயிலேறினாள். ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் நகர்கிறபோதுதான் மாப்ள, எனக்கு ஒரு நினைப்பு வந்தது.

மூடி. லென்ஸ் மூடியைக் கழற்றினேனா?

உன் கேமராவில் நாம் பார்க்கிற ஓட்டை வேறு, படம் விழுகிற கண் வேறு. மூடி போட்டிருந்தாலும் ஓட்டை வழியாக உலகமே தெரியும். கங்காணியார் மகள் சடங்கில் நீயே மூடியோடு பாதி ரோலை அடித்துவிட்டு, அப்புறம் பிள்ளையைத் திரும்பவும் மணையில் உட்கார வைக்கச் சொன்னவன்தானே. எவ்வளவு யோசித்தும் கல் ஞாபகம் வருகிறது, வெயில் ஞாபகம் வருகிறது, மூடி வரவில்லை. தங்கச்சியிடம் மூச்சு விடவில்லை. முருகனிடம் மட்டும் மொட்டை போடுவதாய்ச் சொல்லிவைத்தேன். இருக்கிற முடிக்கு அது பெரிய காரியமில்லை, ஆனாலும் அவர் மனசைத்தானே பார்ப்பார்.

கொழும்பிலிருந்து வசந்தி போன் எடுத்தாள். "மாமா, அம்மாவ கூட்டிக்கிட்டு சிக்னல் கெடைக்கிற எடத்துக்குப் போங்க. அனுப்புறேன்." என்ன வந்திருக்கிறது என்று சொல்லவில்லை. டீச்சர் புத்தி.

கோயிலுக்கு மேலே, ரோட்டு வளைவுக்குப் போனோம். முதலில் பிள்ளையார் வந்தார், பாசி பிடித்ததுபோலப் பச்சையாய். அடுத்த படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாய் இறங்கியது. வெறும் வெள்ளை. அப்புறமும் வெள்ளை. கருப்பில்லை என்றால் மூடி கழன்றிருக்கிறது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது, தங்கச்சிக்குத் தெரியாது. அவள் என் கையைப் பிடித்திருந்தாள். வெள்ளைக்குக் கீழே தலைமயிர். நெற்றி. தலை இருந்தது மாப்ள! முழுத் தலை! கண். அப்புறம் சிக்னல் போய்விட்டது.

"அண்ணே, போன ஒசத்திப் புடிங்கண்ணே," என்றாள்.

ஒசத்திப் பிடித்தேன். நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். கீழே இறக்கிப் பார்த்தபோது நீ முழுதாய் வந்திருந்தாய். வாய் நிறையச் சிரித்துக்கொண்டு. கால் இரண்டும் கணுக்காலோடு வெட்டுப்பட்டிருந்தது. அதை யார் கேட்டார்கள்?

தங்கச்சி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. விரலால் தொட்டாள், படம் பெரிதாகி உன் வாய் மட்டும் திரை முழுக்க வந்தது. பயந்து கையை எடுத்துவிட்டு, பிறகு திரும்பவும் தொட்டாள்.

"இந்தக் கோணப் பல்லு," என்றாள். "இத எப்பிடிண்ணே நான் மறந்தேன்? தெனமும் இந்தப் பல்லப் பாத்துத்தானே சண்ட போட்டேன்."

வசந்தி அந்தப் படத்தை அந்தக் கூட்டத்தில் போட்டாள். எங்கெங்கேயோ இருக்கிறவர்கள் நம்ம இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசினதுபோல உன்னைப் பற்றிப் பேசினார்கள். அந்த வெள்ளைப் புள்ளியெல்லாம் பனி கொட்டுகிற மாதிரி எவ்வளவு அழகு என்று ஒருத்தர் எழுதினாராம். ஐயா, அது பூஞ்சணம் என்று எழுதச் சொன்னேன். கால்களை ஏன் வெட்டினார் என்று இன்னொருத்தர். முகத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்று வேண்டுமென்றே செய்தது என்று எழுதச் சொன்னேன். நிறையப் பேர் அதைப் பாராட்டினார்கள். படம் எடுத்தவர் யார் என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்டார். என் பேரைத் தகப்பன் பேரோடு முழுதாய்ப் போட வைத்தேன்.

அடையாள அட்டைப் படத்தைத் தங்கச்சியே இறக்கி அலமாரிக்குள் வைத்துவிட்டாள். சிரிக்கிற நீதான் இப்போது சுவரில். மாட்டின அன்று அதன் முன்னால் நின்று கண்ணை மூடினாள். நாங்கள் யாரும் அசையவில்லை. மூடின கண்ணோடு, "வர்றாருண்ணே," என்றாள். நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு மனுஷனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி கேட்கிறாள். "இம்புட்டுச் சிரிக்கிறாரே, படம் புடிக்கிறப்ப அவருகிட்ட என்னாதான் சொன்னீங்க?"

உடனே ஒரு கதை சொன்னேன். டிரைவரின் தொப்பி பள்ளத்தில் விழுந்த கதை. விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த ஞாயிறு திரும்பவும் கேட்டாள், வேறொன்று சொன்னேன். "போன வாரம் தொப்பின்னீங்க?" என்றாள். கண்டுபிடித்துவிட்டாள், ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கேட்கிறாள்.

உண்மை என்னவென்றால் மாப்ள, என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகமேயில்லை. உன்னிடம் நான் விட்ட கதைகளில் எதுவோ ஒன்று. தேயிலைக் கொழுந்து மலை ஓரமாய் நடக்கிறபோது ஒவ்வொன்றாய் எடுத்து, இதுவா, அதுவா என்று உன் முகத்துக்கு முன்னால் வைத்துப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிக்குச் சொல்லிவிட்டுச் சுவரையும் பார்க்கிறேன். எதைச் சொன்னாலும் நீ அதற்குத்தான் சிரிக்கிறாய்.