கைப்பிடி லேசாக இறங்கியது

உங்கள் காப்பி மெஷினை மகள் கேட்டாள். கோயம்புத்தூருக்குப் பார்சல் போடுமுன் துடைத்து வைக்கலாமென்று இன்று காலை பரணிலிருந்து இறக்கினேன். பெட்டியைத் திறந்ததுமே பழைய காப்பித்தூளின் கமறல் மூக்கில் ஏறியது. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது, அந்த வாசம் மட்டும் போகவில்லை. அழுதுவிடுவேன் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்தது வேறு. அதற்காகத்தான் இந்தக் கடிதம். உங்களைத் திட்ட வேண்டும்.

அனுப்புமுன் ஒரு தடவை போட்டுப் பார்க்க நூறு கிராம் புதுக் காப்பிக்கொட்டை வாங்கி வைத்திருந்தேன். நீங்கள் செய்கிற மாதிரியே செய்தேன். கை கிரைண்டரில் அரைத்து, மெஷினின் குழாயைக் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கி, தூளை வட்டமாக அழுத்தி, மறுபடியும் கொதிநீர் விட்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினேன். சர்ரென்று இறங்கிவிட்டது. ஒரு எதிர்ப்பும் இல்லை. கோப்பையில் நுரையே இல்லாமல் வெளிறிய தண்ணீர். வாயில் வைத்தால் புளிப்பு.

அந்தப் புளிப்பு எனக்குத் தெரியும். கடைசி இரண்டு மாதம் நீங்கள் எனக்குக் கொடுத்தது அதைத்தான்.

இந்த மெஷின் வந்த நாளும் நினைவிருக்கிறது. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பலுக்குக் காகிதங்களில் கையெழுத்து வாங்கப் போன இடத்தில், அங்கிருந்த இன்ஜினியர் இப்படி ஒன்றில் உங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். மூன்று மாதம் அதே பேச்சு. பிறகு ஒருநாள் நம் மில்லர்புரம் வீட்டு வாசலில் பார்சல் வந்து நின்றது. "ஏளா, கரண்ட் வேண்டாம், சத்தம் கிடையாது, ரிப்பேர்னு யாரையும் கூப்பிட வேண்டாம். கைதான் மோட்டார்" என்றீர்கள். உங்கள் ஆபீஸ் நண்பர் வீட்டு மின்சார மெஷினைப் பார்த்துவிட்டு வந்து, "பட்டனை அமுக்குனா வாரதெல்லாம் ஒரு காப்பியா" என்று சிரித்தீர்கள்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. தேன் மாதிரி மெதுவாக, கனமாக இறங்கும். மேலே பழுப்பு நுரை கட்டி நிற்கும். அதில் நான் சூடான பால் ஊற்றிக்கொள்வேன், நீங்கள் முகத்தைச் சுளிப்பீர்கள். ஆனால் ஒரு கோப்பைக்குப் பத்து நிமிடம். நாலு பேர் வந்துவிட்டால் நாலாவது ஆளுக்குப் போடும்போது முதல் ஆள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். விரலில் எத்தனை சூட்டுக் கொப்புளம், தொட்டியில் எத்தனை சாமான். கழுவியது நான்தான். அதற்கெல்லாம் அப்போதே திட்டிவிட்டேன், இப்போது அதைப் பேசவில்லை.

காப்பி புளிக்கத் தொடங்கியபோது கேட்டேனா இல்லையா? "கொட்டை சரியில்ல" என்றீர்கள். நான் நம்பினேன். உங்களையும் இழுத்துக்கொண்டு காப்பிக்கொட்டைக் கடைக்குப் போய், அத்தனை ஆட்கள் முன்னால் அண்ணாச்சியிடம் சண்டை போட்டேன். பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறீர்களா என்று கேட்டேன். அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் அன்றைக்கு வறுத்ததை எடுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நீங்கள் ஸ்கூட்டரை விட்டு இறங்கவே இல்லை. என் குரலைக் கேட்டு வெட்கப்படுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை அந்தக் கிரைண்டரை எடுத்து, தூளின் பருமனை மாற்றுகிற திருகை முழுக்க மூடும்வரை எத்தனை கிளிக் என்று எண்ணினேன். "பதினொண்ணு. கூடினா ஓடிரும், குறைஞ்சா அடைச்சுக்கிடும்" என்று எனக்குப் படித்துப் படித்துச் சொன்னவர் நீங்கள். பதினெட்டு இருந்தது. இரண்டு தடவை எண்ணினேன். பதினெட்டுதான். தூள் அவ்வளவு பெரிதாக இருந்தால் தண்ணீர் நிற்காமல் ஓடும், கைப்பிடியைக் குழந்தைகூட அமுக்கலாம்.

பதினொன்றில் வைத்து மறுபடி அரைத்தேன். இந்தத் தடவை கைப்பிடி அசையவில்லை. குனிந்து, உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டு, மூச்சைப் பிடித்து அமுக்கியபோதுதான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தோளிலிருந்து நெஞ்சுவரை இழுத்தது. அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, அண்ணாச்சி அன்று ஏன் எதிர்த்துப் பேசவில்லை என்பதும். அடுப்பை அணைத்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

அண்ணாச்சி அப்போதுதான் கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் விளக்குமாறைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, உங்க கொட்டைல ஒரு குத்தமும் இல்ல, அப்படித்தானே?"

அவர் எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"அவங்க உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"தங்கச்சி, இப்ப எதுக்கு அது..."

"சொல்லுங்க."

"நீ வந்து சத்தம் போட்டியே, அதுக்கு மொத நாளு சார் தனியா வந்தாவ. கைப்பிடிய அமுக்கும்போது நெஞ்சப் பிடிக்கி, தூளப் பெருசா அரைச்சு ஓட்டுதேன்னாவ. அவ வந்து உங்கள ஏசுவா, பொறுத்துக்கிடுங்கன்னு கையப் பிடிச்சாவ. டாக்டர்ட்ட போங்க சார்னு நானும் ரெண்டு வாட்டி சொன்னேன்."

"எங்கிட்ட ஏன் மறைச்சாங்களாம்?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவளுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே படுக்கப் போட்டு வயர ஒட்டிருவா. அப்புறம் ஆபரேஷன்பாவ. கொஞ்ச நாளு போகட்டும்னாவ."

அவரிடம் அன்றைக்குப் போட்ட சண்டைக்கு மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "நீங்களாவது சொல்லியிருக்கலாம்" என்றுதான் வந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. அதற்கும் நீங்களே பொறுப்பு.

வயரை ஒட்டிவிடுவேனாம். ஆமாம், ஒட்டியிருப்பேன். இருபத்திரண்டு வருடமாக ஆஸ்பத்திரியில் இசிஜி அறையில் அதைத்தானே செய்கிறேன். யார் யார் நெஞ்சிலோ பசை தடவி, கம்பி ஒட்டி, காகிதச் சுருளில் வருகிற கோட்டைப் பார்த்து ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறேன். எத்தனையோ பேர் நடந்து வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். என் வீட்டில், என் அடுப்படியில், என் கண் முன்னால் ஒரு மனிதன் நெஞ்சு வலிக்குத் தோதாகக் காப்பித்தூளைப் பெரிதாக்கிக்கொண்டே போயிருக்கிறான். நான் பக்கத்தில் நின்று பால் காய்ச்சியிருக்கிறேன்.

நீங்கள் ஆபீஸ் நாற்காலியிலேயே சாய்ந்த அன்று எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். திடீரென்று. நானும் எட்டு மாதமாக அதைச் சொல்லித்தான் மனதைத் தேற்றினேன். திடீரென்று நடந்ததை யார் என்ன செய்ய முடியும் என்று. இன்றைக்கு அதுவும் போய்விட்டது. உங்களுக்கு இரண்டு மாதம் இருந்தது. எனக்கும் இருந்தது. எனக்குரியதையும் சேர்த்து நீங்களே எடுத்துக்கொண்டீர்கள்.

பயம் என்றால் பயம் என்று சொல்லியிருக்கலாம். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை வந்திருப்பேன்.

கடையிலிருந்து நேராக டூட்டிக்குப் போனேன். முதல் ஆளாக ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார், ஐம்பத்தைந்து வயது இருக்கும். "சும்மா வாயுதாம்மா. இவ தொல்ல தாங்காமதான் வந்தேன்" என்றார். வழக்கமாகச் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். இன்று வெளியே போய் அவர் மனைவியை உள்ளே கூப்பிட்டேன்.

"சமீபத்துல எதையாவது விட்டுட்டாங்களா? முன்னால செஞ்சுக்கிட்டு இருந்து, இப்ப செய்யாதது?"

அந்த அம்மா யோசித்தாள். "மாடில போயி படுக்க மாட்டேங்காவ. எம்புட்டுப் புழுக்கம்னாலும் கீழதான். முட்டு வலிக்குன்னாவ."

நான் அவரைப் பார்த்தேன். அவர் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படி ஏறும்போது முட்டு வலிக்கா, நெஞ்சு பிடிக்கா?"

விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நெஞ்சுதான்" என்றார்.

சுருளில் வந்த கோடும் அதையே சொன்னது. டாக்டர் உடனே மேல்மாடி வார்டில் சேர்க்கச் சொன்னார். சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த அம்மா பின்னாலேயே போனாள். அழவில்லை. ஏசிக்கொண்டே போனாள். "எத்தன நாளாவே இந்தக் களவாணித்தனம்? எங்கிட்ட சொன்னா நாக்கு அழுகிருமோ? நான் என்ன செத்தா போனேன்?" தாழ்வாரம் முழுக்க அந்தக் குரல் கேட்டது. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே போனார். லிப்ட் கதவு மூடும்வரை வாசலில் நின்று நானும் கேட்டேன்.

இனி என் அறைக்கு வருகிற ஒவ்வொரு ஆணின் வீட்டுக்காரியையும் உள்ளே கூப்பிடுவேன். அந்தக் கேள்வியைக் கேட்காமல் கம்பி ஒட்ட மாட்டேன். அதை உங்களிடமிருந்து பெற்றதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவுக்குத் திட்ட எதிரில் ஆள் இருந்தார். நான் உங்களைத் திட்ட வேண்டியதில் பாதிகூட இதில் எழுதி முடியவில்லை. மிச்சம் முழுவதும் என்னோடு இருக்கிறது.