வேலிக்கு உள்ளே என் குரல்

பிப்ரவரி 11, செவ்வாய்
பாட்டுப் பதிவு முடிந்தது. ரோஹன் ஸ்பீக்கரில் ஓடவிட்டான். பேஸ் கிட்டார் நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

தலைநகர் கிங்ஸ்டனில் போன இடமெல்லாம், "ராஸ்தாக்காரங்க போராட்டப் பாட்டையெல்லாம் யாரு கேக்கறா? ஆடறமாதிரி பாடு" என்று திருப்பி அனுப்பினார்கள். தன் வீட்டுப் பின்புற ஸ்டூடியோவைத் திறந்துவிட்டவன் ரோஹன்தான். சரணங்கள் முழுக்க அப்பாவின் கதை. ஹோட்டல்காரர்கள் எங்கள் ஊர்க் கடற்கரைக்கு வேலி போட்டது, மீனவர்களின் படகுகளைப் புல்லில் இழுத்துப் போட்டது, பிறந்த ஊர்க் கடலில் இறங்க அப்பா காவலாளியிடம் கெஞ்சி நின்றது. பல்லவி மட்டும் எளிமை: "கடலுக்கு வா, கடல் நம்முடையது."

"உரிமை விவகாரமெல்லாம் நான் பாத்துக்கறேன், மாவலின். நீ பாடு, போதும்" என்றான். சரி என்றேன்.

மார்ச் 2, ஞாயிறு
ஊருக்குப் போய் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். வலையைத் தைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "இன்னொரு தடவ போடு" என்றார். அவ்வளவுதான். அவர் இதுவரை என்னைப் பாராட்டியதில் இதுதான் பெரியது.

மே 15, வியாழன்
மினிபஸ் ரேடியோவில் என் குரல். கடலுக்கு வா, கடல் நம்முடையது. சிரித்துக்கொண்டே சத்தம் கூட்டச் சொன்னேன். சரணம் வரவில்லை. தேன் ஒழுகும் குரலில் ஒருவன் ஹோட்டல் பெயரைச் சொன்னான். அதே ஹோட்டல். வேலி போட்டவர்கள்.

"கடல் நம்முடையது" — அவர்கள் வாயில்!

மே 16, வெள்ளி
ஸ்டூடியோவில் ரோஹன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"தங்கச்சி, கோபப்படாம கேளு. உன் குரல் உலகம் பூரா போகும்."

"யாரோட விளம்பரம்னு தெரிஞ்சுதான குடுத்த?"

ஒயரில் விழுந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"சரணத்த வெட்டினது யாரு?"

"நான்தான். அவங்க கேட்டாங்க. அது கொஞ்சம் சோகமா இருக்காம்."

சோகமா இருக்காம். எங்கப்பா கெஞ்சி நின்னது அவங்களுக்குச் சோகமா இருக்காம்.

மே 18, ஞாயிறு
கடற்கரையில் மீன் வறுத்து விற்கும் ஐவரின், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வாங்க மேடம். ஹோட்டல்ல ரூமும் குடுத்தாங்களா, இல்ல பாட்டு மட்டும் வாங்கிக்கிட்டாங்களா?"

எனக்கே பஸ்ஸில் கேட்டபோதுதான் தெரியும் என்றேன். யாரும் நம்பவில்லை. நானாக இருந்தால் நம்பியிருப்பேனா?

"அவள விடு, ஐவரின்" என்றார் அப்பா. ஆனால் என் பக்கம் திரும்பவில்லை. அதுதான் சுட்டது.

மே 19, திங்கள்
என் மகளை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய ஞானத்தந்தை ரோஹன்தான். தேவையில்லாமல் இன்று அது ஞாபகம் வந்தது.

ஜூன் 8, ஞாயிறு
அப்பாவுக்கு மருந்து கொடுக்கப் போனேன். சாயங்காலமானால் விருந்தாளிகளுக்காக ஹோட்டலில் அந்தப் பாட்டைப் போடுகிறார்களாம். போட்டார்கள். பல்லவி முடிந்தது. சரணம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பேஸும் டிரம்ஸும்.

வேலிக்கு வெளியே, செதில் உரசிக்கொண்டிருந்த ஐவரின் அக்கா முதல் சரணத்தை எடுத்தாள். ஒரு சொல் தப்பவில்லை; அப்பாவிடம் நான் விட்டுவந்த பதிவைக் கேட்டே பாடமாக்கியிருக்கிறாள். மற்ற பெண்களும் சேர்ந்தார்கள். பிறகு அப்பா. அவர் பாடி நான் கேட்டதே இல்லை. உள்ளே மணலில் படுத்திருந்தவர்கள் எழுந்து எங்களைப் பார்த்தார்கள்.

கடைசிச் சரணத்தில்தான் நானும் சேர்ந்தேன்.

ஜூன் 20, வெள்ளி
ஹோட்டலில் பாட்டை நிறுத்திவிட்டார்களாம். வேலி அப்படியேதான் இருக்கிறது.

ஐவரின் அக்கா போன் செய்தாள். "புதுசா ஒண்ணு எழுது. நாங்களும் கூடப் பாடறோம். தனியா விட்டா உன் குரல எவனாவது கூட்டிட்டுப் போயிடறான்."

மன்னிப்பு கேட்கிறாளா, கிண்டலா? இரண்டும்தான்.

ஜூலை 13, ஞாயிறு
ஊர் தேவாலயத்தின் பின்கட்டில் புதுப் பாட்டுக்கு ஒலிப்பதிவு. ஜன்னல்களில் மெத்தைகளைச் சாத்தியிருந்தோம். பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், அறை முழுக்க மீன் வாசனை. டிரம்ஸ்காரர் தயாரானபோது வாசலில் ரோஹன் நின்றான். எப்படித் தெரிந்ததோ.

"ஒரு ஓரமா உக்காந்து கேக்கட்டுமா? எதையும் தொடமாட்டேன்."

இளைத்திருந்தான். திட்டத்தான் நினைத்தேன். கோபம் அவ்வளவாக வரவில்லை.

"பதிவு ஆரம்பிக்கப்போறோம், ரோஹன். வெளிச் சத்தம் உள்ள வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.